வீடு கட்டுபவரும் வட்டி கட்டுபவரும்: வறுமைக்கு யார் காரணம்?

கேள்வி இதுதான்: ஒரே தெருவில் பிறந்து ஒரே அரசுப் பள்ளியில் படித்த இருவரில் ஒருவர் வீடு கட்டுகிறார், இன்னொருவர் வட்டி கட்டுகிறார். சூழ்நிலை இருவருக்கும் ஒன்றாக இருந்தபோது, வறுமைக்குக் காரணம் அவரவர் பொறுப்பின்மைதானே?

பொறுப்பு என்று ஒன்று உண்டு. எல்லாமே சூழ்நிலைதான் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கேள்வியில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. தவறு செய்வது மனிதர் கையில் இருக்கலாம். அந்தத் தவறுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை அவர் வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. இதைக் கணக்குப் போட்டால்தான் புரியும்.

இரண்டு பேர் மழையில் வேகமாக வண்டி ஓட்டி விழுந்து காலை முறித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவறு இருவர் மீதும்தான். ஒருவர் மாதச் சம்பளக்காரர். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார், சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. இன்னொருவர் கொத்தனார், நாள் கூலி 900. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசம்தான். ஆனால் ஒன்றரை மாதப் படுக்கையில் 38 வேலை நாள் போகிறது; அது 34,200 ரூபாய். துணைக்கு இருந்த மனைவி இழந்த 10 நாள் கூலி, நாளுக்கு 500 வீதம் 5,000. பஸ், ஆட்டோ, சாப்பாடு என்று 4,000. மொத்தம் 43,200. கையில் 3,200 இருந்தது என்றால் மீதி 40,000 கடன். தெருவில் கிடைப்பது ‘அஞ்சு வட்டி’. மாதம் 2,000 ரூபாய் வட்டி மட்டும். ஒரு வருடம் தவறாமல் கட்டினால் 24,000 போயிருக்கும், அசல் அப்படியே 40,000 நிற்கும். ஒரே தவறுதான். ஒரு வீட்டில் அது ஒரு மாதத்துச் சங்கடம், இன்னொரு வீட்டில் பல வருடத்துக் கடன்.

வட்டியைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரூபா வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டு வட்டி 24. அஞ்சு வட்டி 60. பத்து வட்டி 120. வங்கிக் கடன் 10 சதவீதம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘அஞ்சு’ என்பது சின்ன எண்ணாகக் கேட்கிறது. பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கட்டட வேலை நின்றுவிடும். அந்த மாதங்களிலும் 2,000 வட்டி நிற்காது. அப்போதுதான் வீட்டுக்குள் தண்டல் அட்டை வருகிறது. நாலாக மடித்தால் சட்டைப் பையில் அடங்கும் அட்டை. உள்ளே நூறு கட்டம். 10,000 ரூபாய்க்கு எழுதி, 1,500ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வண்டியில் வருபவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ‘பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே, 15 சதவீதம்’ என்று வாங்குபவர் நினைக்கிறார். அவர் முழுப் பணத்தையும் நூறு நாள் வைத்திருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 சதவீதம்.

இன்னும் மோசமானது அட்டையைப் புரட்டுவது. எழுபதாவது நாளில் 3,000 பாக்கி இருக்கும்போது திடீரென்று பணம் தேவைப்படுகிறது. கடன் கொடுத்தவர் பழைய அட்டையை முடித்துப் புதிதாக 10,000க்கு எழுதுவார். 1,500 வட்டியும் 3,000 பழைய பாக்கியும் போக 5,500 கையில் வரும். ஒவ்வொரு 70 நாளுக்கும் இப்படிப் புரட்டினால் 5,500 வாங்கி 7,000 கட்டுகிறீர்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 7,800 ரூபாய், கடன் ஒரு பைசா குறையாமல் போகிறது.

பொறுப்பு என்ற வாதத்துக்கு மிகப் பலமான சான்று காய்கறிச் சந்தையில் இருக்கிறது. விடியற்காலையில் 900 வாங்கி, சரக்கெடுத்து விற்று, மாலையில் 1,000 கொடுக்கும் தலைச்சுமை வியாபாரிகள் உண்டு. வருடத்தில் 300 நாள் இப்படிச் செய்தால் 30,000 ரூபாய் வட்டி. இத்தனைக்கும் முதல் வெறும் 900. அவர் தினம் 10 ரூபாய் எடுத்துவைத்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து, மிச்சமாகும் வட்டியையும் முதலிலேயே சேர்த்து வந்தால் 23 நாளில் கடனே தேவைப்படாது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பின் ஏன் பெரும்பாலோர் செய்வதில்லை?

இதைப் பொருளாதார ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகள் வட்டிக்காரரிடம் வாங்கிய கடனை முழுவதுமாக அடைத்துக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கினார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், உதவி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே அளவில் கடனில் இருந்தார்கள். ‘பார்த்தீர்களா, கொடுத்தாலும் திருந்தமாட்டார்கள்’ என்பதற்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

அந்த 900 ரூபாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவருடைய இடுப்புச் சுருக்குப்பையில், ரொக்கமாக. அது வியாபார முதல் என்று பணத்தின் மேல் எழுதியிருக்காது. ஒரு நாள் மழையில் தக்காளி அழுகினால் அதிலிருந்து போகும். குழந்தைக்குக் காய்ச்சல், அக்கா வீட்டுக் காதுகுத்துக்குச் செய்முறை, ரேஷன் கடைக்கு ஒரு நாள் போனதால் நின்ற வியாபாரம், எல்லாம் அதே சுருக்குப்பையிலிருந்துதான். கடனை அடைத்ததால் அவர் பூஜ்யத்துக்கு வந்தார். பூஜ்யத்தில் நிற்பவரை அடுத்த அடி மறுபடி கீழே தள்ளுகிறது. கடன் இல்லாமல் இருப்பதும் கையில் மிச்சம் இருப்பதும் இரண்டு வெவ்வேறு நிலைகள். பழக்கமும் இதில் ஒரு பங்கு என்பதை நான் மறுக்கவில்லை. இந்தச் சோதனை மட்டும் இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புக்கு அருகில் நம்மைக் கொண்டுபோவது வங்கதேசத்துப் பசுக்கள். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2007இல் பரம ஏழைக் குடும்பங்களின் பெண்களுக்குச் சொத்தும் பயிற்சியும் கொடுத்தது. பெரும்பாலோர் பசுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய 6,000 ஏழைக் குடும்பங்கள், 11 ஆண்டுகள் தொடர்ந்த கணக்கெடுப்பு. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்புள்ள சொத்து; ஆனால் விளைவு இரண்டாகப் பிரிந்தது. ஏற்கெனவே சிறிது சொத்து வைத்திருந்து, பசுவும் சேர்ந்ததும் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்கள் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். கையில் வேறெதுவும் இல்லாமல் பசு மட்டும் வாங்கியவர்களில் பலர் சிறிது சிறிதாகப் பழைய நிலைக்கே இறங்கினார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்தவர்களிடையே திறமையிலோ உழைப்பிலோ பெரிய வேறுபாடு இல்லை.

காரணம், பசு தனியாகச் சம்பாதிக்காது. கொட்டகை வேண்டும், தீவனத்துக்குக் கையில் பணம் வேண்டும், பால் சந்தைக்குப் போக வண்டி வேண்டும், கறவை நிற்கும் மாதங்களில் வீட்டை ஓட்ட வேறு வருமானம் வேண்டும். இவை உள்ள வீட்டில் பசு கன்று போடுகிறது. இல்லாத வீட்டில் முதல் காய்ச்சலுக்கே பசு சந்தைக்குப் போகிறது. நீங்கள் கேட்ட அந்த இரண்டு பேருக்கும் இதையே பொருத்திப் பாருங்கள். ஒரே தெரு, ஒரே பள்ளி சரி. முதல் பெரிய செலவு வந்தபோது யார் வீட்டில் அடகு வைக்க நகை இருந்தது? யார் வீட்டு மனைக்குப் பட்டா இருந்தது? யாருடைய அப்பா நாற்பது வயதில் படுத்தார்? வெளியிலிருந்து ஒரே சூழ்நிலையாகத் தெரிவதன் உள்ளே இந்த வேறுபாடுகள் ஒளிந்திருக்கின்றன.

ராஜஸ்தான், ஆந்திரா, கென்யா, உகாண்டா, பெரு என்று பல இடங்களில் அனிருத் கிருஷ்ணா என்ற ஆய்வாளர், வறுமையில் விழுந்த குடும்பங்கள் ஏன் விழுந்தன என்று ஊர்க்காரர்களிடமே கேட்டு ஆராய்ந்தார். அடிக்கடி முதலில் நின்ற காரணம் நோயும் மருத்துவச் செலவும். சோம்பலும் குடியும் ஊர்ப் பேச்சில் பெரிதாக ஒலிக்கும். ஒவ்வொரு வீடாக எண்ணினால் சிறிய பங்குதான்.

‘சரி, முடிவாவது ஒழுங்காக எடுக்கலாமே’ என்பது அடுத்த கேள்வியாக வரும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. கரும்புப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். வெட்டு உத்தரவு ஆலை தரும் முறைப்படி ஆளுக்கொரு நாள். அதனால் ஒரே விவசாயியை வெட்டுக்கு முன்னும், பணம் வந்த பின்னும் ஒப்பிட முடிந்தது. பணமில்லாத மாதங்களில் அடகும் கடனும் மிக அதிகம். அதே ஆள் அந்த மாதங்களில் சிந்தனைச் சோதனைகளில் குறைவாகச் செய்தார். படிப்பும் குணமும் மாறவில்லை. தலையில் இருந்த பாரம் மாறியது. இந்த ஆய்வுக்குப் புள்ளியியல் விமர்சனம் உண்டு, அமெரிக்காவில் சம்பள நாளை ஒட்டிச் செய்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட வேறுபாடு தெரியவும் இல்லை. எனவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நாளைய வட்டியை நினைத்துக்கொண்டே இன்றைய முடிவை எடுப்பவர் நிதானமாக எடுக்க முடியாது என்பதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி குடி. இதை மழுப்பக் கூடாது. நாளுக்கு ஒரு குவார்ட்டர், 150 ரூபாய் என்று வைத்தால் மாதம் 25 நாளில் 3,750. மேலே சொன்ன 40,000 கடனின் மாத வட்டியைவிட இது அதிகம். 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தை வீடு வீடாகக் கணக்கெடுத்த சீபோம் ரவுன்ட்ரீ வறுமையை இரண்டாகப் பிரித்தார்: சிக்கனமாக இருந்தாலும் வருமானமே போதாத வீடுகள் ஒரு வகை, வருமானம் போதும், ஆனால் வேறு செலவில் கரைந்துபோகும் வீடுகள் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் குடியும் சேரும். அந்த வகை சிறியதாகவும் இருக்கவில்லை. முதல் வகையிலோ, பாதிக்கு மேற்பட்ட வறுமைக்குக் காரணம் வேலை ஒழுங்காக இருந்தும் கூலி போதாதது. ஒரு வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அது எந்த வகை என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

குடியில் இன்னொரு உண்மையும் உண்டு. அப்பாவின் பொறுப்பின்மைதான் மகளின் சூழ்நிலை. அவர் குடித்தது அவர் தேர்வாகவே இருக்கட்டும். பத்தாம் வகுப்போடு நின்று மில் வேலைக்குப் போன பெண் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ‘குடிகாரன் குடும்பம்’ என்று உதவியை நிறுத்தினால் தண்டனை அவளுக்குத்தான் போகிறது. நடைமுறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்து நிறுத்துவதே சரி. வழி கேட்க 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

மனிதர் விரும்பியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்றால் சூழ்நிலையைப் பழிக்கலாமா என்பதைச் சட்டமும் யோசித்திருக்கிறது. செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போகிறார்கள். யாரும் கையைக் கட்டி இழுத்துப் போகவில்லை. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் கட்டாயப்படுத்துவதே, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று சொன்னது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி முன்பணக் கடன் அப்படியே ரத்தாகிறது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விடுதலைச் சான்று தர வேண்டும். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறாருக்கும் 2 லட்சம். இங்கே சிக்கல், முழுத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருப்பது. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கிறது. இதற்கிடையில் அடுத்த முன்பணத்தோடு அடுத்த மேஸ்திரி வந்துவிடுகிறார்.

அப்படியானால் ஒருவர் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது, அதையும் கணக்கோடே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: கையில் வந்த தொகை, திருப்பிக் கட்டும் மொத்தம், மீதி நாள், என்ன எழுதிக் கொடுத்தோம். மாத வட்டியைப் 12ஆல் பெருக்குங்கள். பெரிய கடனை முதலில் அடைப்பது கௌரவமாகத் தோன்றும். அடைக்க வேண்டியது தினசரிக் கடனை. வீட்டில் அடகு போகாத ஒரு மோதிரம் இருந்தாலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ வைத்துத் தண்டலை முடிப்பது லாபம், ஏனென்றால் 120 சதவீதம் போய் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய வட்டி வருகிறது. தவறு நடக்கும் இடம்: தண்டல் முடிந்ததும் மிச்சமான தினசரி நூறு ரூபாய் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், வருடக் கடைசியில் நகை ஏலத்துக்கு வரும். அந்த நூறை அப்படியே எடுத்துத் தபால் அலுவலகத் தொடர் வைப்பிலோ நகைக்கடன் வட்டியிலோ போடும்வரை இந்த மாற்றம் முழுமையாகாது.

தெரு வியாபாரிகளுக்கு மத்திய அரசின் ஸ்வநிதி கடன் இருக்கிறது. முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். நகராட்சியின் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ இல்லாமல் விண்ணப்பம் நகராது, எனவே வங்கிக்கு முன் அதை வாங்குங்கள்.

வங்கிக் கணக்கு வழியாக வருடத்துக்கு 456 ரூபாயில் மத்திய அரசின் இரண்டு காப்பீடு கிடைக்கிறது: 436க்கு 2 லட்சம் ஆயுள் (பிரதமர் ஜீவன் ஜோதி), 20க்கு 2 லட்சம் விபத்து (பிரதமர் சுரக்ஷா). மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு போய்விடும். வீட்டில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் எழுத்து மாறியிருந்தால் இறந்தபின் குடும்பம் அலையும். பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவேடு இல்லாமல் பணம் வராது. நாட்டு வைத்தியருக்கு முன்னால் அரசு மருத்துவமனைச் சீட்டு.

குழுக்கடன் வாங்கியிருந்தால், 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448.

தனியாரிடம் வாங்கிய கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். வெறும் மனு பலனளிக்காது: தண்டல் அட்டையின் படம், ஜிபே பதிவுகள், மிரட்டிய குரல் பதிவு மூன்றும் சேர்த்துக் கொடுங்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் கடன் கொடுத்தவர் முந்திக்கொள்வார். காசோலை திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போட வேண்டும். பயந்து நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் பலர் செய்வது, வழக்கில் அதுவே எதிராக நிற்கும். புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். அது முடியும் சமயத்தில் ‘ஐந்நூறு கொடு, பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடு’ என்பார்கள். போட்டால் அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருடம். கடைசித் தவணையன்று புரோநோட்டும் காசோலையும் கைக்கு வந்து, எண்ணையும் கையெழுத்தையும் சரிபார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.